ஒரகடத்துக்கு ஓர் அறை

1965ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தகட்டு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு அது வேலையின் கடைசி நாள். அவன் கிடார் வாசிப்பவன். ஒரு குழுவோடு சேர்ந்து ஐரோப்பாவில் கச்சேரி செய்யப் புறப்பட இருந்தான். அவனுக்குத் தெரிந்தது வெல்டிங். அன்று பிரஸ்ஸில் நிற்க வேண்டிய ஆள் வரவில்லை என்பதால் பழக்கமே இல்லாத அந்த இயந்திரத்தில் அவனை நிறுத்தினார்கள். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனவனுக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். பிற்பகலில் பிரஸ் இறங்கியபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடது கைப் பழக்கக்காரனுக்குக் கிடாரின் தந்திகளை அழுத்துவது வலது கைதான்.

அந்தப் பையன் டோனி அயோமி. இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தொழிற்சாலையில் அவனுக்கு மேலே இருந்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் ஐரோப்பாவையே கேட்க வைத்த கிடார் கலைஞர் ஜாங்கோ. அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளை மாட்டினார், பின்னாளில் அவற்றின் சுருதியையும் இறக்கினார். 1968இல் அதே ஊர்ப் பையன்கள் மூவருடன் அவர் தொடங்கிய குழுதான் பிளாக் சப்பாத் ஆனது. ஹெவி மெட்டல் என்று உலகம் சொல்லும் கனத்த, இருண்ட ராக் இசைக்கு அவர்களே தொடக்கம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பிரஸ் ஷாப் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஆள் வராத நாளில் பயிற்சி இல்லாதவரை இயந்திரத்தில் நிறுத்துவது என்றால் என்ன என்றும் விளக்க வேண்டியதில்லை. வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழப்பவர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. அதில் திரும்பத் திரும்ப வருபவர்கள் வெளியூரிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். திரும்பத் திரும்ப வரும் இயந்திரம் பவர் பிரஸ். அயோமியின் கையை நசுக்கியதும் அதன் வகைதான்.

அவருடைய ஊருக்கும் நம் பகுதிக்கும் உள்ள உறவு இதோடு நிற்கவில்லை. அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் சிறிது காலம் பர்மிங்ஹாமின் லூகாஸ் தொழிற்சாலையில் கார் ஹாரன்களுக்குச் சுருதி சரிபார்க்கும் வேலை செய்தார். அவருடைய அம்மாவும் அங்கேதான் வேலை பார்த்தார். அதே லூகாஸ் டிவிஎஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1961இல் சென்னைப் பாடிக்கு வந்தது. பர்மிங்ஹாமுக்குத் தெற்கே சற்றுத் தள்ளி ரெட்டிச் என்றொரு ஊர் உண்டு. ராயல் என்ஃபீல்ட் அங்கே பிறந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து திருவொற்றியூருக்கு வந்தது. 1960களின் கடைசியில் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது, புல்லட் இங்கே உயிரோடு இருந்தது. 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் அதன் புதிய ஆலைகள் திறந்தன. ஆக அந்தத் தொழில் நகரத்தின் இயந்திரங்கள் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டன. அந்த வேலையும், அதன் இரைச்சலும், அதன் காயங்களும்கூட வந்துவிட்டன. அந்த இரைச்சலை இசையாக மாற்ற அங்கே தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒன்று மட்டும் வரவில்லை.

அது ஓர் அறை. பர்மிங்ஹாமில் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் கிரவுன் என்ற மதுக்கடையின் மாடியில் ஜிம் சிம்ப்சன் என்பவர் ஒரு ப்ளூஸ் கிளப் நடத்தினார். எர்த் என்ற பெயரில் இருந்த இந்த நால்வரும் அங்கே வாசிக்க வந்தார்கள். சிம்ப்சன் அவர்களுக்கு மேலாளரானார். வெளிநாட்டுக்கான வழி அந்த மாடிப்படியில்தான் தொடங்கியது. 1969இல் அவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஸ்டார் கிளப்பில் வாசித்தார்கள். சுவிட்சர்லாந்தின் சிறு கிளப்புகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் முன்னாலும் வாசித்தார்கள். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரச் சுற்றுகள் பல. கையில் இருந்த பாட்டுகள் தீர்ந்துபோய்விடும், நேரம் தீராது. நேரத்தை நிரப்ப ஒரே தாளத்தில் நீட்டி நீட்டி வாசித்ததிலிருந்துதான் ‘வார் பிக்ஸ்’ என்ற பாட்டு உருவானது என்று அவர்களே பின்னர் சொன்னார்கள். முதல் இசைத்தட்டை அக்டோபர் 1969இல் ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். கிளப்புகளில் நின்று நின்று பழகிய கைகளால்தான் அது முடிந்தது.

அவர்களுக்கு முன்னால் இதே வழியில் பீட்டில்ஸ் போயிருந்தார்கள். 1960 ஆகஸ்டில் ஹாம்பர்க்கின் இந்திரா கிளப்பில் அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். துறைமுகத் தொழிலாளர்களும் கப்பல்காரர்களும் குடித்துவிட்டு வரும் இடம் அது. தங்க இடமாகக் கொடுத்தது ஒரு திரையரங்கின் பின்கட்டில் கழிப்பறைக்குப் பக்கத்திலிருந்த சரக்கறை. இரவில் மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். வயது குறைவு என்று அந்த நவம்பரில் ஜார்ஜ் ஹாரிசனை நாடு கடத்தினார்கள். அடுத்து இன்னும் இருவரை அனுப்பிவைத்தார்கள். இந்தக் கிளப்புகளை நான் புனிதப்படுத்தவில்லை. முதலாளிகள் இளைஞர்களின் உழைப்பைச் சக்கையாகப் பிழிந்த இடங்கள் அவை. ஆனால் தன்னை யாரென்றே தெரியாத, தன் மொழி தெரியாத, முகம் திருப்பிக்கொள்ளும் ஒரு கூட்டத்தின் முன் நின்று, அதன் தலையைத் தன் பக்கம் திருப்ப ஓர் இசைக்குழு கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல பள்ளி இன்றுவரை அமையவில்லை. பெரிய அரங்கில் வருகிறவர்கள் ஏற்கெனவே ரசிகர்கள். சிறு கிளப்பில் ரசிகரை ஒவ்வொருவராகச் சம்பாதிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரின் கிரிப்டோஸ் 1998இல் தொடங்கிய மெட்டல் குழு. ஐரோப்பாவின் சிறு கிளப்புகளில் வாசித்து வாசித்து ஜெர்மனியின் வாக்கன் விழா மேடை வரை ஏறினார்கள், ஒரு ஜெர்மன் நிறுவனம் அவர்களுடைய இசைத்தட்டை வெளியிட்டது. டெல்லியின் பிளடிவுட் 2019இல் முதல் ஐரோப்பியப் பயணம் போனார்கள். இந்தியில் பாடி, டோல் அடித்து, ஊர் ஊராக அரங்குகளை நிரப்பினார்கள். வாக்கனில் அவர்கள் ஏறியதும் அதே ஆண்டுதான். கிரிப்டோஸ் தொடங்கிய 1998இல்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார் வெளியே வந்தது. பெங்களூரில் கல்லூரி விழாக்களும், பப் மேடைகளும், வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி அறைகளும் இருந்தன. எனவே அங்கிருந்து ஒரு குழு கிளம்ப முடிந்தது. இங்கே இத்தனை ஆண்டுகளில் நோக்கியா வந்து போனது, ரெனோ-நிசான் வந்தது, டைம்லர் வந்தது, சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும் வந்தன. ஒரு பாட்டுக்காரனுக்கு மைக் பிடிக்க ஓர் அறை வரவில்லை.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிடும் நேரத்தில் சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடம் கூட்டுரோட்டிலோ நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை இளம் முகங்கள் என்று. ஐடிஐ முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், ட்ரெய்னி என்றும் கான்ட்ராக்ட் என்றும் அடையாள அட்டை தொங்கவிட்டவர்கள். திருவண்ணாமலையில் அண்ணனோடு பறை அடித்தவன் இவர்களில் இருப்பான். நெல்லைப் பக்கத்து மாதா கோயிலில் கீபோர்டு வாசித்தவள் இருப்பாள். ஒடிசாவிலிருந்து மிருதங்கக் கையோடு வந்தவனும், இரவு மொட்டை மாடியில் கானா பாடுகிறவனும் இருப்பார்கள். ஓர் இசைக்குழுவுக்கு வேண்டிய அத்தனை ஆளும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். ஒருவர் வாசிப்பது இன்னொருவர் காதில் விழும் வாய்ப்பு மட்டும் இல்லை. காதில் இயர்போன், கையில் போன், நாலு பேருக்கு ஓர் அறை, காலையில் மறுபடி லைன்.

இங்கே பாட்டே இல்லை என்று சொல்லவில்லை. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஆர்கெஸ்ட்ரா வைக்கிறார்கள். சினிமாப் பாட்டைச் சினிமாவில் வந்தபடியே பாடிவிட்டுப் போவார்கள். ராமானுஜர் பிறந்த ஊர் இது. ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் சித்திரை உற்சவத்தில் நாகஸ்வரம் ஒலிக்கும். காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு இன்றும் விடிய விடியக் கூத்து நடக்கிறது. விடிய விடிய நின்று பாடும் கலைஞர்களின் மண்ணில்தான் இந்தத் தொழிற்பேட்டை எழுந்திருக்கிறது. ஆனால் அந்த மேடைகள் ஊருக்கு உரியவை. அங்கே யார் பாடலாம், யார் எந்த இடத்தில் நிற்கலாம், பறை எதற்கு அடிக்கப்படும், எதற்கு அடிக்கப்படாது என்பதற்கெல்லாம் சாதி எழுதிவைத்த விதிகள் இன்னும் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் பையனுக்கு அந்த மேடையில் இடமில்லை. சேரியில் பிறந்த உள்ளூர்ப் பையனுக்கும் பல ஊர்களில் இடமில்லை.

இதனால்தான் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. மேடையில் பத்தொன்பது பேர். கானாவும் ராப்பும் ராக்கும், பறையும் கிடாரும் ஒரே மேடையில் நின்றன. இசைவாணி அங்கே கானா பாடினார். பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த வடிவத்தில் பாடிய அவரை 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் கையால் மலம் அள்ளும் கொடுமையையும் அவர்கள் பாடினார்கள். பர்மிங்ஹாம் பையன்கள் தங்கள் ஊரின் புகையையும் போரையும் பாடியதைப் போன்ற செயல்தான் அது. அந்தத் திறமைகள் எல்லாம் முன்பும் வடசென்னையில் இருந்தவைதான். யாரோ ஒருவர் இடமும் காசும் கொடுத்து ஒன்றாக உட்கார வைத்த பிறகுதான் நாடு அவற்றைக் கேட்டது.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத வழியும் அல்ல. பாவலர் வரதராஜன் தன் தம்பிகளோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார். அந்தத் தம்பிகளில் ஒருவர் இளையராஜா. 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியவருக்கு முதல் பள்ளி மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் போய்ச் சேர்ந்த அந்தச் சின்ன மேடைகள்தாம். பழைய தொழில் நகரங்களும் இதை மறக்கவில்லை. பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் ரயில்வே இன்ஸ்டிடியூட்டுகள் இருந்தன. ஆங்கிலோ-இந்தியத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே பேண்டு வைத்து ஆடின. நெய்வேலியில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு லிக்னைட் ஹால் கட்டினார்கள். பொதுத்துறை நகரியம் என்றால் வீடு, பள்ளி, மருத்துவமனையோடு ஒரு மனமகிழ் மன்றமும் வரைபடத்தில் இருந்தது. தொழிலாளிக்கு மாலை நேரம் என்று ஒன்று உண்டு என்று அந்த வரைபடம் ஏற்றுக்கொண்டது. ஒரகடத்தின் வரைபடத்தில் ஆலை, சாலை, கிடங்கு, விடுதி. மாலை நேரம் இல்லை.

விடுதியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தங்கும் இடம் நாட்டின் கவனத்துக்கு வந்ததே அதன் பிறகுதான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் தமிழ்நாடு அரசு 706 கோடி ரூபாய்ச் செலவில் கட்டித் திறந்தது. நல்ல காரியம், மனதாரப் பாராட்ட வேண்டியது. பதினெட்டாயிரம் பெண்கள் என்பது ஒரு சிறு நகரம். ஒரு சிறு நகரத்தில் எத்தனை பாடகிகள் இருப்பார்கள் என்று அந்த விடுதியை நடத்துகிறவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. தேவையான விதி. ஆனால் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு ஓய்வு நேரம் தொடங்குவதே பத்து மணிக்குப் பிறகு. அதே விதி மூடிய அரங்குகளுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் விலக்குத் தருகிறது. எனவே ஷிப்ட் தொழிலாளி சட்டப்படி பாட வேண்டுமானால் சத்தம் வெளியே போகாத, நான்கு சுவர் உள்ள அறை வேண்டும். கல்யாண மண்டபத்தின் ஒருநாள் வாடகை அவர்கள் எட்டக்கூடியதல்ல. மிஞ்சுவது டாஸ்மாக் பார். பர்மிங்ஹாமில் மதுக்கடை மாடி இசைக்கு இடம் கொடுத்தது உண்மை. நம் பார்களில் இசையும் இல்லை, பெண்கள் நுழையக்கூடிய நிலையும் இல்லை.

அறை கிடைத்து, குழு உருவாகி, வெளிநாட்டுக் கிளப் ஒன்று கூப்பிட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகுள்ள பாடும் சிறியதல்ல. தமிழ்க் கலைஞர்கள் ஒப்பந்தம் போட்டு ஐரோப்பா போனது நேற்று அல்ல. 1838இலேயே திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசியரும் இசைக்காரர்களும் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, பாரிஸிலும் லண்டனிலும் நாடக அரங்குகளில் ஆடினார்கள். அம்மணி என்ற நடனக்காரரைப் பார்த்து, பார் என்ற சிற்பி வெண்கலச் சிலை செய்தார். கவிஞர் கோத்தியே வியந்து எழுதினார். ஒப்பந்தத்தின் லாபம் அழைத்துப்போன வியாபாரிக்கு. இன்றும் சிறு குழுக்களின் கணக்கு அதற்கு வெகுதூரத்தில் இல்லை. நுழைவுச்சீட்டு வசூலில் ஒரு பங்கு, விற்கும் சட்டைகளில் ஒரு பங்கைக் கிளப் எடுத்துக்கொள்ளும், வேனில் தூக்கம். ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, திரும்பி வருவார் என்பதற்கான சான்று எல்லாம் கேட்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளியிடம் இந்தக் காகிதங்களில் எது இருக்கும்? வாத்தியங்களுக்கு ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் எடுக்க வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும். தோல் கட்டிய பறையை ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் நோய்த்தடுப்புச் சோதனைக்கு நிறுத்தும்.

2025 வசந்த காலத்தில் அமெரிக்க வரிக்கு முந்திக்கொள்ள, சென்னை விமான நிலையத்திலிருந்து சுமார் 600 டன் ஐபோன்கள் தனி விமானங்களில் பறந்தன என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. சுங்கச் சோதனை நேரம் முப்பது மணியிலிருந்து ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. பண்டம் என்றால் அரசால் இவ்வளவு வேகமாக வழிவிட முடியும். அந்தப் பண்டத்தைப் பூட்டிய கைகளுக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு அக்கறையாவது கேட்பது நியாயமே. கலை பண்பாட்டுத் துறை ஆண்டுக்குச் சில குழுக்களுக்கு விசா உதவியும் பிணைத்தொகையும் கொடுப்பது பெரிய செலவல்ல.

ஒரு மறுப்பை நேராகப் பேசிவிட வேண்டும். தொழிலாளர்கள் கூடும் அறை என்றாலே நிர்வாகங்கள் தயங்கும். கூடினால் பேசுவார்கள், பேசினால் சங்கம் வைப்பார்கள். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததை இந்தப் பகுதி மறக்காது. அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் பதிவும் பெற்றது. ஆம், பாட்டு அறையில் சம்பளப் பேச்சும் வரும். தன் வாழ்க்கையைப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு ஒருவரிடம் பாட்டு மட்டும் கேட்க முடியாது. சங்கம் வைப்பது சட்டம் தந்த உரிமை. அதற்குப் பயந்து இளைஞர்களின் மாலையைப் பூட்டிவைப்பது நேர்மையல்ல.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. அதன் ஏழாவது அட்டவணையில் கலையும் பண்பாடும் உண்டு. தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. தொழிற்பேட்டைகளை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட்டிடம் நிலம் இருக்கிறது.

எனவே கேட்பது இதுதான். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், இருநூறு பேர் நிற்கக்கூடிய, சத்தம் வெளியே கசியாத ஒரு கூடம். ஒரு டிரம் செட், இரண்டு ஆம்ப், நல்ல மைக்குகள், பறை காய்ச்ச ஒரு மூலை. பயிற்சிக்கு மணிக்கணக்கில் குறைந்த வாடகையில் இரண்டு சிறிய அறைகள். நள்ளிரவு வரை திறந்திருக்க வேண்டும், மூன்று ஷிப்டுக்கும் முறை வைக்க வேண்டும். பெண்கள் விடுதிக்குத் திரும்ப பஸ் வேண்டும், தாமதமாக வந்ததற்காக வார்டன் கேள்வி கேட்கக் கூடாது. பொறுப்பில் தொழிலாளர்களும் கலைஞர்களும் இருக்க வேண்டும். எந்தச் சாதிக்காரர் என்று யாரையும் கேட்காத, எந்தக் கம்பெனியின் பெயரும் மேடையில் தொங்காத இடமாக இருக்க வேண்டும். சிப்காட்டும் தொழிலாளர் நலத்துறையும் அடுத்த நிதியாண்டிலேயே இதைத் தொடங்க முடியும். இந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் இதை ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே வேலை பார்க்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் லைனில் பாடுகிறவர் யார், வாசிக்கிறவர் யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். பெயர்ப் பட்டியலோடு போய்க் கேட்டால் இல்லை என்று சொல்வது யாருக்கும் கடினம்.